ஆறாம் வகுப்புக் கணக்கு: வேக வகுப்பா, வழக்கமான வகுப்பா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். கணக்கில் வழக்கமான வகுப்பு, வேக வகுப்பு என இரண்டு உண்டு. இப்போது வேக வகுப்பில் சேராவிட்டால் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் கால்குலஸ் (நுண்கணிதம்) படிக்கவே முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பல பள்ளிகளில் கால்குலஸுக்கு முன் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் என நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கினால் பன்னிரண்டில் கால்குலஸ். ஒன்பதில் தொடங்கினால் ப்ரீகால்குலஸோடு பள்ளி முடிந்துவிடும். ஆனால் அந்த ஓராண்டைப் பின்னால் ஈடுகட்டலாம். பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுப்பவர்கள் உண்டு. ஜியோமெட்ரியைக் கோடை விடுமுறையில் முடிப்பவர்களும் உண்டு. உங்கள் பகுதி ஹைஸ்கூல் இவற்றில் எதை அனுமதிக்கிறது என்று கவுன்சலருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை மிடில் ஸ்கூலில் கேட்க வேண்டும்: இந்த வேகம் எப்படி வருகிறது? 6, 7, 8 வகுப்புகளின் பாடத்தை இரண்டே ஆண்டில் நெருக்கி நடத்துகிறார்களா, அல்லது ஏதாவது ஒரு வகுப்பின் பாடத்தை அப்படியே தாண்டிப் போகிறார்களா? நெருக்கி நடத்தினால் வேலை கூடும், ஆனால் எதுவும் விட்டுப்போகாது. தாண்டினால்தான் ஆபத்து. நேர்விகிதமும், குறை எண்களை (மைனஸ் எண்களை) கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுப்பதும் பெரும்பாலும் ஏழாம் வகுப்பில்தான் வருகின்றன. அவை விட்டுப்போன குழந்தைக்கு அல்ஜீப்ராவில் வரும் நேர்கோட்டின் சாய்வு வெறும் மனப்பாடச் சூத்திரமாகிவிடும். சமன்பாட்டின் வழிமுறை சரியாகவே இருக்கும்; பிளஸ், மைனஸ் குறிப் பிழையால் விடை தவறும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் மகன் 95-க்குக் குறைந்ததே இல்லை. வேக வகுப்பில் சேர்க்க அது போதாதா?

பதில்: போதாது. டியூஷனில் ஒரே மாதிரிக் கணக்கைப் பல தடவை போட்ட பிள்ளைக்கும் 95 வரும். காகிதமும் பென்சிலும் கொடுத்து, உதவி செய்யாமல், மூன்று கணக்கு கேளுங்கள்.

முதலில் 7/12 + 3/8. விடை 23/24. 10/20 என்று எழுதினால் மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறான். வேக வகுப்பைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அடுத்தது, ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லுங்கள். மூன்றரை என்று வந்ததும் நிறுத்தாமல், அதைப் படமாக வரையச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கத் தெரிந்த பல குழந்தைகளுக்கு, 'ஒன்றே முக்காலில் எத்தனை அரை இருக்கிறது' என்பதுதான் கேள்வி என்றே தெரியாது. இந்த இடத்தைத்தான் நான் மதிப்பெண்ணைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது: நீலம் 3 பங்கு, மஞ்சள் 2 பங்கு கலந்து 20 லிட்டர் பச்சை பெயின்ட் வேண்டும். நீலம் எவ்வளவு? விடை 12 லிட்டர். 30 என்றால் 20 லிட்டரையும் மஞ்சள் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். இது ஆறாம் வகுப்புப் பாடம்தான், தெரியாவிட்டால் குற்றமில்லை. சொல்லித்தராமலேயே ஐந்து கட்டம் வரைந்து, கட்டத்துக்கு 4 லிட்டர் என்று கண்டுபிடித்தால், அந்தப் பிள்ளை வேகத்தைத் தாங்குவான்.

கேள்வி: வேக வகுப்பில் சேர்த்து ஆறு வாரமாகிறது. மகள் திணறுகிறாள். மாற்றிவிடலாமா?

பதில்: அவளுடைய தேர்வுத்தாள்களை எடுத்துத் தவறுகளைப் பிரித்துப் பாருங்கள். புதுப் பாடத்தில் மட்டும் தவறு என்றால் பொறுத்திருங்கள். ஆசிரியரிடம் கூடுதல் நேரம் கேளுங்கள். பின்னம், தசமம் போன்ற பழைய பாடத்தில் தவறு என்றால் முதல் காலாண்டுக்குள் மாற்றிவிடுங்கள். இப்போது மாறினால் படித்ததே மறுபடி வரும், அடித்தளம் உறுதியாகும். பாதி ஆண்டு கழித்து மாறினால், இரண்டு வகுப்பும் வெவ்வேறு பாடத்தில் நிற்கும். நடுவில் உள்ளதை வீட்டில்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.