நண்பன் ஜெபிக்கும்போது நான் என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். நான்தான் கூடப் போகிறேன். அவன் பூண்டி மாதாவே கதி என்று இருப்பவன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது.

போன வாரம் அவனுக்குக் காலை முறை. மகனைக் கூட்டிவந்த ஒரு அம்மா, மதியம் ஆரம்பித்தால் முடிய இருட்டிவிடும், ஊருக்கு பஸ் கிடையாது என்று நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். இவன் எழுந்து போய்த் தன் முறையை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். கால் வீங்கி, மூச்சு வாங்க, மதியம் வரை பெஞ்சிலேயே கிடந்தான். நான் கத்தியதற்கு, "சின்னப் பையன்டா" என்றான்.

ஒரு கையில் ஊசி, மறுகையில் ஜெபமாலை. "நீயும் எனக்காக வேண்டிக்கடா" என்கிறான். வேண்டினால் அது பொய். மாட்டேன் என்றால் அவன் மனசு நோகும். நான் என்ன செய்ய? இப்படிப்பட்டவனுக்கா இந்த வியாதி?

பெயர் போட வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த முறை விஷயம். மூச்சு வாங்குகிற நாளில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தேங்கிய நீர் நுரையீரலுக்கு ஏறியிருந்தால் அரை நாள் தாமதமே ஆபத்து. அவர் நல்ல மனசைத் தடுக்க வேண்டாம். ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

அப்புறம் ஜெபம். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், தீர்ப்பு நாளில் ராஜா தன் வலப்பக்கம் நிற்பவர்களைப் பார்த்து, "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறார். இந்த வரியை எல்லோரும் சொல்வார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அடுத்து வருவது. அவர்கள் திகைத்துப்போய், நாங்கள் எப்போது உம்மை அப்படிப் பார்த்தோம் என்று கேட்கிறார்கள். யாரோ ஒரு நோயாளி என்றுதான் போயிருக்கிறார்கள், வேறெதுவும் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் நண்பர் அந்தப் பையனிடம் தன் ஆண்டவரைப் பார்த்திருப்பார். நீங்கள் உங்களோடு படித்தவனைத்தான் பார்க்கிறீர்கள். அவருடைய வேதத்தின்படியே அது போதும். "உனக்கு நல்லாகணும்டா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. அவர் ஜெபமாலையை எடுக்கும்போது போனோடு வெளியே போய்விடாமல் பக்கத்திலேயே இருங்கள்.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவில் ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கையை சரபோஜி மன்னர் பிடித்துக்கொண்டிருக்கும் பளிங்குச் சிற்பம் அங்கே உண்டு. ஸ்வார்ட்ஸ் இறந்தது 1798-இல். சரபோஜியே சொல்லி, இங்கிலாந்தில் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பி செய்தது அது. சிறு வயதில் அரியணையும் பறிபோய், உயிருக்கும் பயந்து நின்ற சரபோஜிக்குக் காவலாக இருந்தவர் ஸ்வார்ட்ஸ். சரபோஜி கடைசிவரை மதம் மாறவில்லை. மாறாமலேயேதான் அந்தக் கையைப் பிடித்திருந்தார்.

இவருக்கா இந்த வியாதி என்று கேட்கிறீர்கள். சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான் காரணம். நல்லவரா கெட்டவரா என்று அவை பார்ப்பதில்லை. இதற்கு மேல் சொன்னால் அது வெறும் சமாதானமாகிவிடும்.

எனக்கு வேறொரு கவலை. அவரைப் புனிதராக்கிவிடாதீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்வளவு தைரியம், எவ்வளவு விசுவாசம்" என்று சொல்லச் சொல்ல, ஒரு மனுஷனுக்கு அழக்கூட இடமில்லாமல் போய்விடும். மாதா மேலேயே கோபம் வருகிற இரவும் அவருக்கு இருக்கலாம். சங்கீதங்களில் பல அப்படிப்பட்ட முறையீடுதானே. அதைப் பங்குச் சாமியாரிடம் சொல்லத் தயங்குவார். நம்பிக்கை இல்லாத உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம். அந்த வகையில் நீங்கள் அவருக்கு ரொம்பத் தேவை. அப்படி ஒரு நாள் அவர் புலம்பினால், நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டிக்குப் போக ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள். டயாலிசிஸ் நாளில் வேண்டாம், அன்றைக்கு ஆள் அசந்துபோயிருக்கலாம். அவரே தெம்பாக இருக்கிறேன் என்று சொல்கிற நாளாக, வெயில் தாழப் போங்கள். வழியில் தாகம் என்பார், தண்ணீர் டாக்டர் சொன்ன கணக்குத்தான். இளநீர் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. ஊசி போடுகிற கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றாதீர்கள், அந்தக் கையில் பையையும் மாட்டவிடாதீர்கள். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.