ஜப்பானிய மர்ம நாவல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜப்பானிய மர்ம நாவல்களைப் படித்துவருகிறவர்களின் கேள்விகள் இவை. எந்த நாவலின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை; தயங்காமல் படிக்கலாம்.

கேள்வி: கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலில் கொலை செய்தவர் யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு 300 பக்கம்? பாதியில் மூடிவிட்டேன் சார்.

தயவுசெய்து திறந்துவிடுங்கள். யசுகோ தன் முன்னாள் கணவனைக் கொன்றுவிடுகிறாள், பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அதை மறைக்கிறார். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. "யார்?" என்ற கேள்வியோடு படித்தால் நிச்சயம் சலிக்கும். "இஷிகாமி உண்மையில் என்ன செய்தார்?" என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வி தயாரிப்பது பற்றி அவர் ஓரிடத்தில் பேசுகிறார்: பார்க்க வடிவியல் கணக்கு மாதிரி இருக்கும், போடும்போது வேறு வகைக் கணக்காக இருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி வையுங்கள். முடித்ததும் திரும்பப் புரட்டினால், நாவலின் சாவியை ஆசிரியர் நம் கையிலேயே கொடுத்திருந்தது தெரியும். 2005-இல் வெளியான இந்த நாவல் ஜப்பானின் பெரிய இலக்கியப் பரிசான நவோகி பரிசு பெற்றது. அந்தப் பரிசுக்கு முழுத் தகுதி உள்ள புத்தகம்.

கேள்வி: ஹிகாஷினோவை வரிசைப்படிதான் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இயற்பியல் பேராசிரியர் யுகாவா வரும் கதைகள் ஒரு தொடர், போலீஸ்காரர் காகா வரும் கதைகள் இன்னொரு தொடர். ஆங்கிலத்தில் வந்த வரிசையும் ஜப்பானிய வரிசையும் ஒன்றல்ல. 'சஸ்பெக்ட் எக்ஸ்' நமக்கு முதலில் கிடைத்தாலும், ஜப்பானில் அதற்கு முன்பே யுகாவாவின் சிறுகதைத் தொகுப்புகள் இரண்டு வந்துவிட்டன. ஒவ்வொரு நாவலும் தனியாகவே நிற்கும். காகா தொடரில் 'மாலிஸ்' நாவலை எடுங்கள். கொலையாளி யார் என்பது சீக்கிரமே தீர்ந்துவிடும், ஏன் கொன்றான் என்பதுதான் மீதிக் கதை.

கேள்வி: செய்ஷி யோகோமிசோவின் 'தி இனுகாமி கர்ஸ்' படிக்கிறேன். பெயர்கள் எல்லாம் குழம்புகின்றன. எப்படி நினைவில் வைப்பது?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான், பலர் ஐம்பதாம் பக்கத்தில் கைவிடுவதும் இதனால்தான். அந்தப் பெயர்களுக்குள்ளேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெரியவர் சாஹேயின் மகள்கள் மூவர்: மாட்சுகோ, டகேகோ, உமேகோ. மாட்சு என்றால் பைன் மரம், டகே மூங்கில், உமே பிளம். ஜப்பானில் மங்கலமாகச் சேர்த்தே சொல்லும் மூன்று இவை, அதே வரிசையில்தான் அக்கா தங்கைகளும். அவர்களின் பிள்ளைகள் முறையே கியோ, டகே, டோமோ. பென்சிலால் அட்டையின் உட்பக்கம் மூன்று கோடு போட்டு, கோட்டின் மேலே அம்மா, கீழே மகன் என்று எழுதிக்கொள்ளுங்கள். உயில் வாசிக்கும் காட்சிக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் யாருக்கு எப்போது சொத்து போகும் என்ற நிபந்தனைகள் அங்கே மளமளவென்று வரும்.

அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சின்னங்கள் கோடரி, கோட்டோ என்ற தந்தி வாத்தியம், சாமந்திப்பூ. ஜப்பானிய மொழியில் யோகி, கோட்டோ, கிக்கு. சேர்த்துச் சொன்னால் "நல்ல செய்தி கேட்பது" என்று காதில் விழும். மொழிபெயர்ப்பில் இந்தச் சிலேடையின் ருசி பாதியாவது போய்விடுகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: அதே ஆசிரியரின் 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' எனக்கு ஏமாற்றம். கொலைக்கான காரணம் நம்பும்படியாக இல்லையே?

முதல் சில அத்தியாயங்களை வேகமாகத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஹோன்ஜின் என்பது எடோ காலத்தில் (1603–1868) பயணம் செய்யும் பிரபுக்கள் தங்குவதற்கென்றே இருந்த விடுதி. அதை நடத்திய குடும்பத்துக்கு ஊரில் தனி அந்தஸ்து. கதை நடக்கும் 1937-இலும் அந்த வீட்டார் அந்தப் பெருமையை விடவில்லை. காரணம் முழுக்க அந்தக் குலப்பெருமைக்குள்தான் இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் முடிவு அந்தரத்தில் நிற்கும். பனியில் குத்தி நிற்கும் வாளும், காலடித் தடமே இல்லாத முற்றமும் எவ்வளவு அழகான புதிர்! ஆனால் கட்டடத்தின் அமைப்பு மனதில் இல்லாவிட்டால் அதன் தீர்வு வெறும் வார்த்தைக் குவியலாகிவிடும். தனிமனை எங்கே, தோட்டம் எங்கே என்று கிறுக்கலாகவாவது வரைந்து பாருங்கள்.

கேள்வி: செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' முழுக்க ரயில் நேரமாகவே இருக்கிறது. அதையெல்லாம் படித்தே ஆக வேண்டுமா?

ஆமாம், இந்த நாவலின் உயிரே அதுதான். டோக்கியோ நிலையத்தின் 13-ஆம் நடைமேடையில் நின்றால் 15-ஆம் நடைமேடை மாலை 5.57 முதல் 6.01 வரை, நான்கே நிமிடம், மறைவில்லாமல் தெரியும். மற்ற நேரங்களில் இடையில் ஏதாவது ரயில் நின்று மறைத்துவிடும். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு ஜோடியை ஒருவர் "தற்செயலாக" பார்க்கிறார். அதே ஜோடி பிறகு ஃபுகுவோகா பக்கம் கடற்கரையில் பிணமாகக் கிடக்கிறது.

ஒரு தாளில் தென்மேற்கிலிருந்து வடக்காக நேர்கோடு போட்டு ஹக்காடா (ஃபுகுவோகா நகரின் ரயில் நிலையம்), டோக்கியோ, அவோமோரி, ஹக்கோடாடே, சப்போரோ என்று ஐந்து புள்ளி வையுங்கள். அவோமோரிக்கும் ஹக்கோடாடேக்கும் நடுவே கடல். அந்தக் காலத்தில் அதைப் படகில்தான் கடக்க வேண்டும். நேரம் வரும்போதெல்லாம் அந்தந்தப் புள்ளியில் குறித்துக்கொண்டே போனால், போலீஸ்காரர் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் நீங்களும் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஆனால் சந்தேகத்தின் விதை ரயில் நேரத்தில் இல்லை. இறந்தவனிடம் கிடைக்கும், ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீதில் இருக்கிறது: "ஒருவர்". சாகப் போகும் காதலர்களில் ஒருவர் மட்டும் ஏன் சாப்பிட்டார்? உள்ளூர்க் காவலர் டோரிகாய் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

கேள்வி: 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' என்று அவருடைய இன்னொரு நாவலும் இருக்கிறதாமே, வாங்கலாமா?

வாங்காதீர்கள், அதுவும் இதேதான். 1970-இல் வந்த மொழிபெயர்ப்புக்கு அந்தப் பெயர், 2022-இல் வந்த புதிய மொழிபெயர்ப்புக்கு 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'. இனுகாமி கதையும் முன்பு 'தி இனுகாமி கிளான்' என்று வந்தது. பதிப்புரிமைப் பக்கத்தில் ஜப்பானியத் தலைப்பு இருக்கும். இரண்டிலும் அது ஒன்றானால் கதையும் ஒன்றுதான்.

கேள்வி: அடுத்து யுகிடோ அயாட்சுஜியின் 'தி டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்'. ஏதாவது முன்தயாரிப்பு?

இணையத்தில் அதைப் பற்றித் தேடாமல் இருப்பதே பெரிய தயாரிப்பு. ஒரே ஒரு வரியில் எல்லாம் புரண்டுவிடும் கதை அது, அந்த வரியை யாராவது சொல்லிவிட்டால் மீட்கவே முடியாது. 1987-இல் வந்தது. மர்மக் கதைச் சங்க மாணவர்கள் ஏழு பேர் ஒரு தீவுக்குப் போகிறார்கள். எல்லேரி, கார், அகதா என்று மேல்நாட்டு எழுத்தாளர்களின் பெயர்களையே தங்களுக்கு வைத்துக்கொண்டிருப்பதால் பெயர்க் குழப்பம் வராது. அத்தியாயங்கள் தீவிலும் கரையிலுமாக மாறி மாறி வரும். கரையில் நடப்பதைச் சலிப்பென்று தள்ளிவிடாதீர்கள். வீட்டின் வரைபடம் முக்கியம். கைப்பேசியில் அது கடுகாகத் தெரிந்தால், தனியாகப் பெரிதாக்கிப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பின்பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.