கப்பல் நிக்கிற தீவுல நாமளா சுத்துறது: கேட்டவங்களுக்கு எல்லாம் பதில்

சொகுசுக் கப்பல்ல (க்ரூஸ்) டூர் போறப்ப, கப்பல் நிக்கிற ஊர்ல நாமளா இறங்கி சுத்துறது எப்படின்னு, சிங்கப்பூர்ல ஏறி மலேசியாவோட பினாங்கு, தாய்லாந்தோட புக்கெட் தீவுகளுக்கு போறவங்க பாதி, சென்னையில ஏறி இலங்கை போறவங்க பாதின்னு கேட்டிருக்கீங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சா எழுதிட்டேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

கேள்வி (திருமங்கலம்): கப்பல்ல விக்கிற டூருக்கு ஆளுக்கு அம்புட்டு காசு கேக்குறாங்க. அத எடுக்காம நாமளா இறங்கி சுத்த விடுவாங்களா?

தாராளமா விடுவாங்க. ரூம் கார்ட ஸ்கேன் பண்ணிட்டு இறங்குனா போதும். ஒரே வித்தியாசம் என்னன்னா அவங்க பஸ் லேட்டானா கப்பல் நிக்கும், உங்க டாக்ஸி லேட்டானா நிக்காது. அதனால துறைமுகத்துக்கு பக்கத்துல இருக்குறதுக்கு காசு குடுக்காதீங்க, ரொம்ப தூரம் போற இடம்னா மட்டும் அவங்க டூர் எடுங்க.

கேள்வி (செல்லூர்): அப்ப லேட்டா போனா நெசமாவே விட்டுட்டு போயிருவாங்களாண்ணே?

போயிருவாங்க தம்பி. மாட்டுத்தாவணியில நகர்ற பஸ்ஸ தட்டி ஏறுற மாதிரி இங்க நடக்காது, ஏணிய எடுத்துட்டா எடுத்ததுதான். அடுத்த ஊருக்கு ஃப்ளைட்டு, ஹோட்டல் எல்லாம் உங்க காசு. முந்தின நாள் ராத்திரி ரூமுக்கு ஒரு பேப்பர் வரும் இல்லன்னா ஆப்ல போடுவாங்க, அதுல எத்தன மணிக்குள்ள ஏறணும்னும் அந்த ஊர் போர்ட் ஏஜெண்ட் (துறைமுகத்துல கப்பல் கம்பெனிக்காக வேலை பாக்குறவர்) நம்பரும் இருக்கும், அத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கப்பல் கிளம்புற நேரம் வேற, ஏற வேண்டிய நேரம் வேற, ரெண்டாவது தான் உங்களுக்கு கணக்கு. பாஸ்போர்ட் காப்பி, ஒரு நாள் மாத்திரை, பேங்க் கார்டு மூணும் கையோட இருக்கட்டும்.

கேள்வி (மேலூர்): பினாங்குல ஒரு பகல் தான் நிக்குது. என்ன பாக்கலாம்?

சொந்தமா சுத்துறதுக்குன்னே செஞ்ச ஊருங்க அது. கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர்ல இருந்து வெளிய வந்து கொஞ்சம் நடந்தா விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு, ராணி பட்டத்துக்கு வந்து 60 வருசம் ஆனதுக்கு கட்டுனதுன்னு 60 அடி உயரம். பக்கத்துலயே கார்ன்வாலிஸ் கோட்டை. அப்படியே உள்ள போனா லிட்டில் இந்தியா, பூக்கட, மசாலா வாசம், ஸ்பீக்கர்ல நம்ம பாட்டுன்னு கீழமாசி வீதிப் பக்கம் வந்துட்டமோன்னு இருக்கும். குயின் ஸ்ட்ரீட்ல 1833ல எழும்புன மகா மாரியம்மன் கோயில பாத்துட்டு, கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சாப்பிடுங்க. நம்ம தமிழ் முஸ்லிம்க ஆரம்பிச்ச சாப்பாடு தான், சோத்து மேல நாலஞ்சு குழம்ப கலந்து ஊத்துவாங்க, காரம் நம்ம நாக்குக்கு சரியா இருக்கும்.

இதெல்லாம் இருக்குற ஜார்ஜ் டவுனுக்குள்ள (பினாங்கோட டவுன்) ஓசி பஸ்ஸே ஓடுது, CATனு போட்டிருக்கும். பினாங்கு ஹில் ரயில்ல ஏறணும்னா காலையில வெள்ளன கிளம்பி முதல்ல அத முடிச்சிருங்க, ஏன்னா அங்க வரிசை எப்ப நகரும்னு யாராலயும் சொல்ல முடியாது, சனி ஞாயிறுன்னா கேக்கவே வேணாம். தூரத்துல இருக்குறத முதல்ல, கப்பலுக்கு பக்கத்துல இருக்குறத கடைசில, இப்படி வச்சா நேரம் இழுத்தாலும் பயமில்ல. தண்ணீர்மலை முருகன் கோயிலும் போகணும்னா 500க்கு மேல படி, மலை ரயிலா முருகனான்னு வீட்லயே பேசி முடிச்சிட்டு இறங்குங்க, ரோட்ல நின்னு பஞ்சாயத்து வேணாம்.

கேள்வி (உசிலம்பட்டி): புக்கெட்ல கப்பல் கரைக்கு வராதாமே? அம்மாவுக்கு முட்டி வலி.

ஆமாக்கா, புக்கெட்டோட மேக்கு கரையில இருக்குற பத்தோங் பீச் பக்கம் கடல்லயே நங்கூரம் போட்டு சின்ன போட்ல தான் பெரும்பாலும் இறக்குவாங்க. கப்பலும் ஆடும், போட்டும் ஆடும், நடுவுல ஒரு எட்டு வைக்கணும், ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கையப் புடிப்பாங்க தான், ஆனாலும் மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் அலை ஜாஸ்தி. அம்மாவுக்கு யோசனையா இருந்தா கப்பல்லயே இருக்கட்டும், அன்னைக்கு கப்பல் காலியா இருக்கும், அவங்களுக்கும் நிம்மதி. அப்புறம் முதல் போட் எல்லாம் டூர் எடுத்தவங்களுக்கு தான், நமக்கு டோக்கன் குடுத்து உக்கார வைப்பாங்க, அதனால வெள்ளன டாக்ஸி புக் பண்ணி வைக்காதீங்க. கடைசி போட் எப்பன்னு கேட்டு வச்சுக்கோங்க. பீ பீ தீவுக்கு சொந்தமா போறேன்னு சொன்னவருக்கு: வேணாம் சார். அந்த படகெல்லாம் தீவோட கிழக்குப் பக்கம் கிளம்புது, நீங்க இறங்குறது மேக்க.

கேள்வி (அண்ணாநகர்): போன்ல டைம் பாத்துக்கலாம்ல?

அங்க தான் மாட்டுவீங்க. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி. கரையில இறங்குனதும் போன் தானா மாறிக்கும், கப்பல் பல தடவ பழைய நேரத்துலயே ஓடும். அஞ்சு மணிக்கு ஏறணும், உங்க போன் நாலுன்னு காட்டுது, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குன்னு எளநி குடிச்சிட்டு இருப்பீங்க. சாதா கைக்கடிகாரம் ஒண்ணு கட்டிக்கிட்டு அத கப்பல் நேரத்துலயே விட்டுருங்க. இன்னொண்ணு, நடுக்கடல்ல போன் கப்பலோட டவர புடிச்சிரும், ரோமிங் பில்லு எகிறும், ஏறுனதும் ஏரோப்ளேன் மோட் போட்டுருங்க.

கேள்வி (திண்டுக்கல்): சென்னை கப்பல்ல இலங்கை போறோம். அங்க ஆட்டோ புடிச்சு சுத்தலாமா?

திருகோணமலை, காங்கேசன்துறை ரெண்டும் தமிழ் பேசுற ஊரு, பயமே இல்ல. திருகோணமலைன்னா கோணேஸ்வரம், கோட்டைக்குள்ள மான் மேயும், அதத் தாண்டி போனா பாறை உச்சியில கோயில், கீழ கடல். சம்பந்தர் பாடுன தலம். காங்கேசன்துறையில இறங்குனா கீரிமலை பக்கம் தான், கடலுக்கு ஒட்டியே நல்ல தண்ணி ஊத்து கேணி, மாத்துத் துணி எடுத்துட்டு போங்க. நேரம் இருந்தா யாழ்ப்பாணம் போய் நல்லூர் கந்தன பாருங்க, ஆம்பளைங்க சட்டைய கழட்டித்தான் உள்ள போகணும். தெக்க இருக்குற அம்பாந்தோட்டை துறைமுகம்னா கதிர்காமம் முருகன் கோயிலா, மிருகங்க பாக்குற யால காடான்னு ஒண்ண எடுங்க, ரெண்டும் ஒரே பகல்ல ஓடாது. ஆட்டோவுல ஏறும்போதே போக வர, காத்திருக்க எல்லாம் சேத்து ரேட் பேசிட்டு, காச கப்பலுக்கு திரும்பி வந்ததும் குடுங்க. இலங்கை நேரம் நம்ம நேரம் தான், அந்த தலவலி இல்ல.

கேள்வி (விருதுநகர்): விசா?

சிங்கப்பூர் விசா கண்டிப்பா வேணும், அதுவும் பல தடவ நுழையிற விசாவா இருக்கணும், கப்பல் திரும்பி வர்றப்ப இன்னொரு தடவ நுழையிற கணக்கு. மத்த ஊர் விதி எல்லாம் அடிக்கடி மாறுது, கப்பல் கம்பெனிகிட்ட மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க, ஏஜெண்ட் வாய்ப்பேச்ச நம்பாதீங்க.

கேள்வி (சோழவந்தான்): காலை பஃபேல இட்லி, பழம் கட்டி எடுத்துட்டு இறங்கலாமா?

பழம், சமைச்ச சாப்பாடு எல்லாம் நிறைய ஊர்ல இறக்க விட மாட்டாங்க, கேட்லயே வாங்கி போட்டுருவாங்க. சீல் ஓடையாத பிஸ்கட் பாக்கெட், தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, மத்தத வயித்துக்குள்ள வச்சு இறக்கிருங்க.