சார்ஜிங் லைட் எரிகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லையே?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். 12 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. வாங்கி மூன்று வருடம் முடியப்போகிறது. போன மாதம் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை கரண்ட்டை நிறுத்தினார்கள். அன்று பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. அதிலிருந்து, கரண்ட் வந்ததும் சார்ஜிங் லைட் எரிகிறது, ஒரு மணி நேரத்திலேயே ‘ஃபுல்’ என்று காட்டிவிடுகிறது. ஆனால் கரண்ட் போனால் இரண்டு ஃபேன், மூன்று லைட்டுக்கே இருபது நிமிடத்தில் கத்த ஆரம்பிக்கிறது. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஆசிட் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார், ஃபேன் இல்லாமல் முடியாது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். அதிலும் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். பேட்டரியில் நாளாக நாளாகக் குறைவது தண்ணீர் மட்டும்தான். ஆசிட் ஆவியாகிப் போவதில்லை. பேட்டரி இறங்கும்போது ஆசிட்டில் உள்ள சல்ஃபேட் ஈயத் தகடுகளில் போய்ப் படிகிறது, சார்ஜ் ஏறும்போது திரும்பத் திரவத்தில் கலக்கிறது. ஏறாத பேட்டரியில் ஆசிட் நீர்த்துப்போய் இருப்பது இதனால்தான். அந்த நிலையில் மேலே ஆசிட் ஊற்றினால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எண் அழகாக வரும், ஆனால் பேட்டரி ஏறியிருக்காது. பின்னால் சார்ஜ் ஏறும்போது அடர்த்தி அளவுக்கு மீறிப் போய்த் தகடுகளை அரித்துவிடும். வாரண்டியும் போய்விடும்.

சரி, பேட்டரி போய்விட்டதா? நீங்கள் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இரண்டு ஃபேன், மூன்று எல்இடி லைட் என்றால் சுமார் 180 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 18 ஆம்பியர் இழுக்கும். இருபது நிமிடத்துக்கு அது 6 ஏஎச் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது). 150 ஏஎச் பேட்டரியிலிருந்து 6 தான் வெளியே வருகிறது! மூன்று வருடம் உழைத்த பேட்டரியாக இருந்தாலும் இந்த லோடை நான்கைந்து மணி நேரமாவது தாங்க வேண்டும். உள்ளே போகும் கணக்கையும் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இந்த அளவு பேட்டரிக்கு 10 முதல் 15 ஆம்பியர் வரைதான் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் ஃபுல் காட்டினால் அதிகபட்சம் 15 ஏஎச் போயிருக்கும். சுத்தமாக இறங்கிய பேட்டரி நிரம்ப 10, 12 மணி நேரம் ஆகும். ஆக, அந்த ‘ஃபுல்’ உண்மையான ஃபுல் இல்லை.

பேட்டரி நிரம்பியதா என்று இன்வெர்ட்டர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. தன் ஒயர் முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. அது சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் கரண்ட்டைக் குறைத்துவிடும். பேட்டரிக் கம்பமும் (ஒயர் மாட்டும் ஈய முனை) ஒயர் கிளாம்பும் சரியாக ஒட்டாமல் நடுவில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அந்த இடத்தில் அரை வோல்ட், ஒரு வோல்ட் காணாமல் போகும். பேட்டரிக்கு 13.5 தான் கிடைத்திருக்கும், இன்வெர்ட்டருக்கு 14.4 என்று தெரியும். கரண்ட் போய் பேட்டரி ஓடும்போது இதே கோளாறு தலைகீழாக வேலை செய்கிறது. பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் இன்வெர்ட்டருக்கு 11 என்று தெரியும், உடனே கத்தும். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுமே இந்த ஒரே இடத்திலிருந்து வரலாம். கடற்காற்று அடிக்கும் சென்னையில் இது ரொம்ப சகஜம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான மீட்டரே போதுமானது. டிசி வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு முனையை ஈயக் கம்பத்தின் தலையில் வையுங்கள், இன்னொரு முனையை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2, 0.3 என்று வந்தால் கோளாறு அங்கேதான். சிவப்பு, கறுப்பு இரண்டு பக்கமும் பாருங்கள்.

சுத்தம் செய்வதற்கு முன் இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வளையல், மோதிரம், தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி கூடாது. முதலில் கறுப்பு ஒயர், அப்புறம் சிவப்பு என்று கழற்றுங்கள். வெந்நீரில் கொஞ்சம் ஆப்பச் சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அந்தத் தண்ணீர் மூடித் துளை வழியாக உள்ளே போய்விடக் கூடாது. துடைத்து, ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் உரசி, சிவப்பை முதலில் மாட்டி, பிறகு கறுப்பை மாட்டி இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின் தடவ வேண்டும். இதில் தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை பச்சையில் நிற்பதை மட்டும் நம்பாதீர்கள், சில சமயம் சிக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மீதியை சார்ஜ் ஏறிய பிறகு நிரப்புங்கள். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

இன்வெர்ட்டரின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பேட்டரி வகை ஸ்விட்ச் ‘டியூபுலர்’ என்பதில் இருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையில் இருந்தால் வோல்ட் குறைவாகவே நிற்கும், டியூபுலர் முழுதாக ஏறாது. யுபிஎஸ் மோடில் வைத்திருந்தால், பொதுவாக லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனதும் இன்வெர்ட்டர் அதை ஏற்காது. கோடை இரவில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது சில இடங்களில் இது நடக்கிறது. தெருவில் கரண்ட் இருந்தும் உங்கள் வீடு பேட்டரியில் ஓடும். கம்ப்யூட்டருக்காக இல்லையென்றால் சாதாரண மோடுக்கு மாற்றிவிடுங்கள். லோ வோல்டேஜ் தொடர்ந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் பதியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு 24 மணி நேரம் விடாமல் சார்ஜில் போடுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேட்டரி ஒரு மாதமாக அரைவயிற்றோடு கிடக்கிறது. இறங்கிய நிலையில் கிடக்கக் கிடக்க, தகட்டில் படிந்த சல்ஃபேட் இறுகிப்போய்த் திரும்பி வராது. நடுவில் மீட்டரைக் கம்பங்களின் மேல் வைத்துப் பாருங்கள். வோல்ட் மெதுவாக ஏறிக்கொண்டே போய் 14-ஐத் தாண்டினால் நல்ல அறிகுறி. கரண்ட் வந்தும் முன்பிருந்த வோல்ட்டிலிருந்து அசையவே இல்லை என்றால் சார்ஜர் பகுதி வேலை செய்யவில்லை. பின்னால் உள்ள ஃபியூஸையோ எம்சிபியையோ பார்த்துவிட்டு இன்வெர்ட்டரை சர்வீஸுக்குக் கொடுங்கள். பேட்டரி கை வைக்க முடியாமல் சுட்டாலோ, பக்கவாட்டில் வீங்கினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ உடனே சார்ஜை நிறுத்திவிடுங்கள்.

24 மணி நேரம் முடிந்ததும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான டியூபுலர் பேட்டரிகளில் முழு சார்ஜுக்கு 1240-ஐ ஒட்டி வரும். 1280 எதிர்பார்ப்பது கார் பேட்டரிக்கு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் ஆசிட் ஊற்றும் யோசனையே வருகிறது. ஆறும் ஒன்றுபோல 1180, 1190 என்று நின்றால் இன்னும் சார்ஜ் வேண்டும் என்று அர்த்தம். பேட்டரிக் கடையில் தனி சார்ஜரில் குறைந்த ஆம்பியரில் ஓரிரு நாள் வைத்தால் மீள வாய்ப்பு உண்டு. ஐந்து செல் 1230, ஒன்று மட்டும் 1120 என்றால் அந்த செல் போய்விட்டது. சார்ஜை நிறுத்தி, லோடு இல்லாமல் நான்கைந்து மணி நேரம் வைத்தபின் 12.5 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டிய பேட்டரி 10.5-ஐ ஒட்டி நிற்பதும் அதே கதைதான். அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்றுவதானாலும் முதலில் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். மூன்று வருடம் ‘முடியப்போகிறது’ என்கிறீர்கள். பல டியூபுலர் பேட்டரிகளுக்கு மூன்று வருடமோ அதற்கு மேலோ வாரண்டி உண்டு, தேதி தாண்டுவதற்குள் கடையில் புகார் பதிந்து ரசீது வாங்கிவிட வேண்டும். அவர்கள் பேட்டரியை எடுத்துப்போய் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட் செய்து சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு சர்வீஸ் பேட்டரி கேளுங்கள், பல டீலர்கள் கொடுப்பார்கள். உங்கள் மாமியாரின் ஃபேன் அதில் ஓடும்.