டீம்ஸ், ஸ்லாக் என்று அலுவலகச் செய்திச் செயலிகள் எல்லாம் வந்த பிறகும் எங்கள் டீமில் யாரும் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்வதில்லையே, ஏன்?

இன்னொரு செயலி வாங்கினால் சரியாகிவிடும் என்று உங்கள் மேலாளர் சொல்லியிருப்பார். தயவுசெய்து நம்பாதீர்கள். தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்பவருக்கே நல்ல ரேட்டிங் போகும் இடத்தில் எதை வாங்கிப் போட்டாலும் நிலைமை மாறாது.

எம்ஐடி பேராசிரியர் வாண்டா ஒர்லிகோவ்ஸ்கி 1992-லேயே இதை ஆய்வு செய்து எழுதிவிட்டார். ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் தன் ஊழியர்களுக்கு லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருளைக் கொடுத்தது. கட்டுரையில் அந்த நிறுவனத்துக்கு ஆல்ஃபா என்று புனைபெயர். ஒருவருக்குத் தெரிந்ததை மற்ற எல்லோரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும், அதற்காகத்தான் அந்த மென்பொருள். ஆலோசகர்கள் பலரும் அதைத் தங்கள் சொந்த வேலைக்கான கருவியாக மட்டுமே பார்த்தார்கள். பதவி உயர்வு கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டிய இடம் அது. பக்கத்து இருக்கைக்காரரே போட்டியாளர் என்றால் தன் சரக்கை யார் பொதுவில் வைப்பார்கள்? நோட்ஸைக் கற்றுக்கொள்ளும் நேரத்தை எந்த வாடிக்கையாளரின் கணக்கிலும் எழுத முடியாது என்பது இன்னொரு தடை. ஏற்கெனவே பங்குதாரர் ஆகிவிட்டவர்களிடம் இந்தத் தயக்கம் குறைவாக இருந்தது.

'அந்தக் காலத்து மென்பொருளை வைத்து இன்றைக்குப் பேசுகிறீர்களே' என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். சரி, சில வருடங்களுக்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு வங்கி புராஜெக்டில் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்தேன், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் நின்றால் சரிசெய்யும் வேலை. நிறுவனப் பெயர் வேண்டாம். மாதக் கடைசி இரவில் மொத்த வேலையையும் தானாக ஓடி முடிக்க வேண்டிய ஒரு பேட்ச் ஜாப் அடிக்கடி நின்றுவிடும். அதை எப்படி மறுபடி ஓட வைப்பது என்பது டீமில் ஒரே ஒரு சீனியருக்குத்தான் தெரியும். அவரை எழுப்புவோம், அவர் லாகின் செய்து முடித்துக் கொடுப்பார், காலையில் கிளையன்டிடமிருந்து அவருக்குப் பாராட்டு மெயில் வரும். டீம்ஸில் இதற்கென்று ஒரு சேனல், பக்கத்தில் குறிப்புகள் எழுதி வைக்க விக்கி, எல்லாம் இருந்தன. இரண்டும் காலி. நான்தான் அந்த ஜாபின் லாக் பதிவுகள் எல்லாவற்றையும் தோண்டி, எந்தப் பிழைக்கு என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதி வைத்தேன். அதன் பிறகு புதிதாகச் சேர்ந்த பையன்கள்கூட யாரையும் எழுப்பாமல் சமாளித்தார்கள். அப்ரைசலில், இத்தனை பேருக்குத்தான் நல்ல ரேட்டிங் என்று முன்பே பங்கு பிரிக்கும் பெல் கர்வைக் காட்டி எனக்கு நடுத்தர ரேட்டிங். 'நீங்க பெரிய இன்சிடென்ட் எதுவும் ஹேண்டில் பண்ணலையே' என்றார் மேலாளர். இன்சிடென்டே வராதபடி செய்ததை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அந்த சீனியர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வீட்டுக் கடன் கட்டுபவர், ஆள் குறைப்புப் பேச்சு வரும்போதெல்லாம் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். ஒர்லிகோவ்ஸ்கியே 1996-இல் இன்னொரு நிறுவனத்தைப் பற்றி எழுதினார், அதன் புனைபெயர் ஜீட்டா. மென்பொருள் விற்கும் நிறுவனம், அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு. அங்கும் அதே நோட்ஸ்தான் அடிப்படை. ஒவ்வொரு அழைப்பிலும் என்னென்ன செய்தோம் என்று பதிய வேண்டும். மதிப்பீட்டின்போது மேலாளர்கள் அந்தப் பதிவுகளையும் பார்த்தார்கள். நம் வேலையை எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் ஊழியர்களுக்கு இருக்கத்தான் செய்தது. போகப்போக, சக ஊழியர் எங்கே சிக்கியிருக்கிறார் என்று தாங்களே பார்த்து, கேட்காமலே உதவும் பழக்கம் அங்கே வந்தது. எங்கள் படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்திருக்கக் கூடாதா?

அப்புறம், ராஜினாமா செய்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய இந்த 90 நாள் நோட்டீஸ் பீரியட். நமக்குத் தெரிந்ததற்கு மதிப்பு இருக்கிறது என்று நிர்வாகத்துக்கு ராஜினாமா மெயில் போன பிறகுதான் ஞாபகம் வரும். உடனே தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் கேடி செஷன் தினமும், ரெக்கார்டிங், கையெழுத்து. நான் ராஜினாமா செய்தபோது, எழுதி வைத்த பக்கங்களின் லிங்கை அனுப்பினேன். அதன் பிறகும் முன்னதாக விட மறுத்துவிட்டார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்று புது நிறுவனம் ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐடியில் இருக்கும் எத்தனையோ பேருக்கு இது நடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

உங்கள் டீமில் அடுத்த வருட இலக்குகளை எழுதும் கோல் ஷீட்டை நிரப்பும்போது, எழுதி வைப்பதையும் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், மெயிலில் கேளுங்கள்.