எலக்ட்ரான் கற்றையால் இயங்கும் மைக்ரோவேவ் பெருக்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோவேவ் சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாயான கிளைஸ்ட்ரான் 1937இல் உருவான கருவி. அதில் இனி முன்னேற என்ன இருக்கிறது, ஐயா?

பதில்: மின்சாரத்தை வீணாக்காமல் வேலை வாங்குவதில்தான் மிச்சம் இருக்கிறது. ஸ்டான்போர்டில் வேரியன் சகோதரர்கள் வகுத்த அடிப்படை இன்றும் மாறவில்லை: சீராக ஓடும் கற்றையில் சில எலக்ட்ரான்களை முதல் கேவிட்டியின் (மைக்ரோவேவ் ஒத்ததிரும் உலோக அறையின்) மெல்லிய சிக்னல் முந்தவும் சிலவற்றைப் பிந்தவும் வைக்க, அவை போகப்போகக் கொத்துகளாகத் திரண்டு, கடைசிக் கேவிட்டியில் தம் ஆற்றலை மைக்ரோவேவாக இறக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் ஸ்லாக் துகள் முடுக்கியின் 5045 வகைக் கிளைஸ்ட்ரான் குழாயில் 350 கிலோவோல்ட், 414 ஆம்பியர் கற்றை பாய்கிறது. உள்ளே போவது 145 மெகாவாட், வெளியே வருவது 65. மீதியில் பெரும்பங்கு, கற்றை போய் முடியும் கலெக்டரில் வெப்பமாகிறது.

கேள்வி: 65 மெகாவாட் ஒரு சிறு நகரத்துக்கே போதுமே?

பதில்: அது துடிப்பின் உச்சம் மட்டுமே. ஒரு துடிப்பு 3.5 மைக்ரோவிநாடி, விநாடிக்கு 120 துடிப்புகள் என்றால் சராசரி 27 கிலோவாட் அளவே. செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

கேள்வி: பாதிக்கு மேல் ஏன் வீணாகிறது? வழியே இல்லையா?

பதில்: கொத்தில் சேராமல் இடையில் திரியும் எலக்ட்ரான்கள் கடைசிக் கேவிட்டிக்கு வேளை தவறி வந்து, ஆற்றலைக் கொடுப்பதற்குப் பதில் எடுத்துக்கொள்வது முக்கியக் காரணம். அவற்றைச் சேர்க்கவென்று கொத்தை ஒரேயடியாக இறுக்கினால், நடுவிலிருப்பவை ஒன்றையொன்று தள்ளிச் சிதறுகின்றன. ஆகவே மையத்தை இறுக்கி, தானாக விரியவிட்டு, மறுபடியும் இறுக்குகிறார்கள். மையம் இப்படி ஊசலாடிக்கொண்டிருக்கும்போதே திரிபவை மெல்ல உள்ளே வந்து சேர்ந்துவிடுகின்றன. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் உள்ளிட்ட ஆய்வகங்கள் கடந்த பத்தாண்டில் பெரிதும் உழைத்தது இதில்தான். இதற்குக் குழாய் நீளமாக வேண்டும். அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்குக்கு இசைவித்த கேவிட்டிகளைச் சேர்த்தால் அந்த நீளம் குறைகிறது. கற்றையின் ஆற்றலில் 80 சதவீதத்துக்கும் மேல் மைக்ரோவேவாக மாறுவதாகக் கணினிக் கணக்கீட்டில் காட்டியிருக்கிறார்கள். நான் மட்டும், செய்து அளந்த குழாயின் எண்ணைக் கேட்காமல் நம்புவதில்லை.

கேள்வி: ஈட்டர் அணுக்கரு இணைவு உலையின் ஜைரோட்ரான் என்ற மைக்ரோவேவ் குழாயும் இதே வகைதானா?

பதில்: இல்லை. 170 கிகாஹெர்ட்சில் 1 மெகாவாட் தரும் அக்குழாய் தானே அலையை உண்டாக்கும் அலையியற்றி; பெருக்கியன்று.

கேள்வி: டிரான்சிஸ்டர்கள் இக்குழாய்களை ஒழித்துவிடாதா?

பதில்: சில இடங்களில் ஒழித்துவிட்டன. பிரான்சில் எலக்ட்ரான்களைச் சுழலவிடும் சோலை சின்க்ரோட்ரான் முடுக்கியின் வளையத்துக்கு 352 மெகாஹெர்ட்சில் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர் மாட்யூல்களை ஒன்றுசேர்த்தே திறன் தருகிறார்கள். ஒன்றிரண்டு பழுதானாலும் இயக்கம் நிற்பதில்லை. ஆனால் ஒரே துடிப்பில் பல பத்து மெகாவாட் வேண்டுமென்றால் இன்றும் குழாய்தான்.