அஅலிஇ: ஹவாய் மலையின் விராலி (கேள்வி பதில்)

கேள்வி: ஹவாயின் அஅலிஇயும் நம்மூர் விராலியும் ஒன்றா?

பதில்: ஒரே இனம்தான், டோடோனியா விஸ்கோசா. பூந்திக்கொட்டைக் குடும்பம். ஹவாயில் கடலோரத்துக்குச் சற்று மேலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம் வரை, எரிமலைக் குழம்பு உறைந்த தரையிலும் வளரும். காற்று வீசும் சரிவில் குட்டைப் புதர், மறைவான இடத்தில் சிறு மரம்.

கேள்வி: விதை போட்டு இரண்டு மாதம் ஆயிற்று. ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: வெறும் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பீர்கள். இதன் விதையுறை நீரை உள்ளே விடாது. காய்ந்து பழுப்பான காய்களைக் கையால் கசக்கி, முறத்தில் புடைத்து, கறுப்பு விதையை மட்டும் எடுங்கள். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம் கழித்து விதைமேல் ஊற்றி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கரு வெந்துபோகும். உப்பிய விதைகளை 3 மி.மீ. ஆழத்தில் விதையுங்கள்; உப்பாதவற்றுக்கு மறுபடி வெந்நீர். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை தெரியும்.

கேள்வி: செடி செழிப்பாகப் பூக்கிறது, ஆனால் காயே பிடிப்பதில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண் செடியாக இருக்கும். பெரும்பாலும் ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறு செடியிலும் வரும்; மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகும். பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. நாலைந்து கன்றுகளைப் பக்கம் பக்கமாக நடுங்கள்.

கேள்வி: தினமும் தண்ணீர் விட்டும் இலை மஞ்சளாகிறதே?

பதில்: விடுவதால்தான். வேர் அழுகுகிறது. முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வேர் பிடித்தபின் மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: பழைய ஹவாய் மக்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள்?

பதில்: முதலில் மரம். கனமும் உறுதியும் அதிகம். வீட்டுத் தூண், ஈட்டி, மண் கிளறும் ‘ஓஓ’ கோல் எல்லாம் செய்தார்கள். சிவந்த காய்களைக் கொதிக்கவைத்து, ‘கபா’ எனும் மரப்பட்டைத் துணிக்குச் சாயம் எடுத்தார்கள். இலை அரிப்புக்கும் சொறிக்கும் மருந்து. (நம்மூரில் சுளுக்குக்குக் கட்டுகிறோம்.) ஹூலா நடனத் தெய்வம் லாகாவுக்கு உகந்த செடிகளில் இதுவும் ஒன்று. எந்தக் காற்றாலும் சாய்க்க முடியாத அஅலிஇ நான் என்பது காஊ பகுதியாரின் பழமொழி.

கேள்வி: ‘லெய்’ மாலைக்குக் காயை எப்போது பறிப்பது?

பதில்: நிறம் முழுதாக ஏறியதும், தாள்போல் காய்வதற்கு முன். கொத்தாக, காம்போடு நறுக்குங்கள். மாலையிலேயே காய்ந்தாலும் நிறம் நிற்கும். விதைக்கு வேண்டுமானால் சில கொத்துகளைச் செடியிலேயே விட்டுவையுங்கள்.